தரை காயும் வரை

ஜூன் 5, திங்கள்

கார் ஷெட்டை அளந்தேன். அகலம் பன்னிரண்டடி, நீளம் பத்தொன்பது. பின்மூலையில் கழிவறை இருக்கிறது. முன்னால் ஷட்டர். அதைத் தூக்கினால் நேரே ரோடு.

வசந்தாமணியைக் கீழே கொண்டுவந்துவிடுவது என்று முடிவாகிவிட்டது. வீடு மாடியில், இருபத்தோரு படி. மார்ச் மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது அவளாகவே ஏறினாள், நடுவில் இரண்டு தடவை உட்கார்ந்து. அதற்குப் பிறகு இறங்கவில்லை. நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டு போகிற நோய். ஆக்சிஜன் மெஷினின் குழாயை மூக்கிலிருந்து எடுத்தால் கால்மணி நேரம் தாங்குகிறாள்.

இருபத்தாறு வருடம் பொள்ளாச்சியில் பெண்களுக்கு மட்டும் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவள். இந்த ஷெட்தான் அவளுடைய ஆபீஸ், கழிவறையும் கற்றுக்கொள்ள வருகிற பெண்களுக்காகக் கட்டியது. இரட்டை பிரேக் வைத்த காரை ஜனவரியில் விற்றோம். வாங்கியவர் எடுக்கத் தெரியாமல் தடுமாறியதைப் பார்த்து, அவளே ரிவர்ஸில் ரோட்டுக்குக் கொண்டுபோய் நிறுத்திச் சாவியைக் கொடுத்தாள். எனக்கு ஓட்டத் தெரியாது.

தரையில் உள்ளங்கையைத் தேய்த்துப் பார்த்தேன். சாம்பலாக ஒட்டியது. பழைய சிமென்ட் தரை, பெருக்கப் பெருக்கத் தூள் கிளம்புகிறது. அவள் இருக்கிற அறையில் தூசி கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆகவே முதலில் தரைக்கு ஒரு பூச்சு. போட்டால் பதினைந்து வருடம் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கக் கூடாது.

டாக்டர் என்னைத் தனியாக உட்கார வைத்தும் கொஞ்சம் பேசினார். அதை இங்கே எழுதப் போவதில்லை.

ஜூன் 7, புதன்

சோப்புத்தூளும் சோடா உப்பும் கரைத்து ஊற்றி, தென்னை விளக்குமாற்றால் நான்கு மணி நேரம் தேய்த்தேன். எண்ணெய்க் கறை இரண்டு. ஒன்று இன்ஜின் நின்ற இடத்தில், தோசைக்கல் அகலம். இன்னொன்று சின்னது. நிறம் வெளுத்ததே தவிரப் போகவில்லை.

நடுவில் மூன்று முறை மிஸ்டு கால் கொடுத்தாள். மேலே ஓடினால், "ஒண்ணுமில்லீங்க, சத்தம் நின்னு போச்சே, விழுந்துட்டீங்களோன்னு பாத்தேன்" என்கிறாள்.

"எப்பங்க எறங்கலாம்?"

"பத்து நாள்ல."

"ஒரு விரிப்பு வாங்கிப் போட்டாப் பத்தாதுங்களா?"

விரிப்புக்கு அடியில் ஈரம் கட்டும், பூஞ்சை பிடிக்கும், அது தூசியைவிட மோசம் என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டாள். நான் பேசி முடிக்கிற வரைக்கும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஜன்னலில் வேப்பமரத்தின் உச்சியும் மின்கம்பியும் தெரியும். ரோடு தெரியாது.

ஜூன் 9, வெள்ளி

சாதிக் வந்தார். கோயமுத்தூர்ப் பக்கம் மருந்துக் கம்பெனிகளுக்குத் தரைப் பூச்சுப் போடுகிறவர். பம்ப் கம்பெனியில் நான் தர ஆய்வாளராக இருந்தபோது எங்கள் சோதனைக் கூடத்துக்கு எபாக்ஸி என்கிற பிசின் பூச்சுப் போட்டது அவருடைய ஆட்கள்தான். நான் ஓய்வு பெறுகிற வரைக்கும் பன்னிரண்டு வருடம் அதில் ஒரு கீறல் இல்லை. இரும்பு வால்வு விழுந்தால்கூட வால்வைத்தான் பார்ப்போம்.

குந்தி உட்கார்ந்து தரையைச் சாவியால் கீறினார். தண்ணீர் தெளித்தார், உடனே உறிஞ்சியது.

"நஞ்சப்பன் சார், நாலு வழி இருக்குதுங்க. சாதாரண தரை பெயிண்ட் அடிச்சா ரெண்டு நாள்ல முடிஞ்சிரும், ஆனா டயர் சூட்டுக்கு ஒரே வருஷத்துல உரிஞ்சு வந்துரும்."

"டயர் வராதுங்க. கட்டில்தான் வரப்போகுது."

என்னை நிமிர்ந்து பார்த்தார். வசந்தாமணியைப் பற்றிச் சொன்னேன். அவர் தொழுகைத் தொப்பியைக் கழற்றி மடித்து வைத்துக்கொண்டார்.

"அப்படின்னா எபாக்ஸிப் பூச்சு, பாலியூரித்தேன் பூச்சு ரெண்டும் வேண்டாம் சார். ரெண்டும் கெட்டிதான், இல்லேங்கல. ஆனா தரை நல்லாக் காஞ்சிருக்கணும், மெஷின் வெச்சு மேல்தோலைத் தேய்க்கணும், அந்தத் தூசி வேற. பூசினா நாலு நாளைக்கு வாசம் அடிக்கும். முழுசா இறுகறதுக்கு ஏழு நாள். அம்மாவுக்கு இந்தச் சிலிகேட் போதும். தண்ணி மாதிரி இருக்கும். ஊத்தித் தேச்சா சிமென்ட்டுக்குள்ள ஊறி உள்ளயே கெட்டியாயிரும். மேல படியறது ஒண்ணுமில்லை. வாசம் கெடையாது. தரை ஈரமா இருந்தாலும் கவலையில்லை. காலைல போட்டா சாயங்காலம் கட்டிலைப் போட்டுக்கலாம். தூசி நின்னுரும்."

"பாக்கறதுக்கு எப்படி இருக்கும்?"

"பாக்கறதுக்கு இதே தரைதானுங்க. கறையெல்லாம் அப்படியே தெரியும்."

எண்ணெய்க் கறை தெரிகிற சிமென்ட் தரையில் அவளைக் கொண்டுவந்து போடுவதா. எபாக்ஸிதான் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். யோசித்துச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜூன் 10, சனி

சாதிக் கொடுத்த கையேடுகளை இரண்டு முறை படித்தேன். எபாக்ஸி வெயிலில் மஞ்சளாகும். பாலியூரித்தேன் ஆகாது. எபாக்ஸிக்கு மேல் பாலியூரித்தேன் ஒரு கோட் கொடுத்தால் இருபது வருடம்.

ஜூன் 13, செவ்வாய்

ஜெசிந்தா வந்திருந்தாள். வசந்தாமணியிடம் ஓட்டக் கற்றவர்களில் இவள் ஒருத்திதான் அதையே பிழைப்பாக்கிக்கொண்டாள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். புருஷன் விட்டுப்போன பிறகு இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தது அந்த ஸ்டியரிங்தான் என்று எல்லாரிடமும் சொல்வாள்.

"மேடம், உங்களைச் சேரோட தூக்கி வேன்ல உக்கார வெச்சு ஆழியார் வரைக்கும் ஒரு சுத்து கூட்டிட்டுப் போறேன். நான் ரெடி."

"ஆழியாரெல்லாம் வேண்டாம் சாமி. கீழ ஷெட்ல உக்காந்து நாலு பேரு வண்டி ஓட்டறதைப் பாத்தாப் போதும். எவ எவ கிளட்ச்ல காலை வெச்சுட்டே போறான்னு கண்டுபிடிச்சிருவேன்."

சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறி, அடங்கப் பத்து நிமிடம் ஆயிற்று.

ஜெசிந்தா படியில் இறங்கும்போது என்னிடம், "இன்னைக்கே எறக்கிரலாமே சார், நானும் ஒரு கை பிடிக்கறேன்" என்றாள். தரை ஆகட்டும் என்றேன்.

ஜூன் 16, வெள்ளி

ஈரச் சோதனை. இரண்டடிக்கு இரண்டடி பிளாஸ்டிக் தாளைத் தரையில் பரப்பி, நான்கு ஓரமும் டேப் ஒட்டி, ஒரு நாள் முழுக்க விட்டு எடுத்தேன். அடியில் முத்து முத்தாகத் தண்ணீர். தரை கறுத்திருந்தது. ஷெட் கட்டும்போது மண்ணுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவில் பாலிதீன் ஷீட் போடவில்லை. அப்போது அதெல்லாம் யாருக்குத் தெரியும். இந்த நிலையில் எபாக்ஸி பூசினால் ஆறு மாதத்தில் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பிவிடும்.

தென்மேற்கு மழையும் ஆரம்பித்துவிட்டது. ஷட்டரைத் திறந்து டேபிள் ஃபேன் இரண்டு வைத்திருக்கிறேன்.

பத்து நாள் என்று சொன்னது தாண்டிவிடும் என்று வசந்தாமணியிடம் சொன்னேன். "செரிங்க" என்றாள்.

ஜூன் 22, வியாழன்

இரண்டாவது சோதனை. ஈரம்.

ஜூன் 27, செவ்வாய்

மூன்றாவது சோதனை. ஷட்டர் ஓரத்தில் மட்டும் உலர்ந்திருக்கிறது. மற்ற இடமெல்லாம் இன்னும் ஈரம்.

ஆக்சிஜனை இரண்டு லிட்டரிலிருந்து மூன்றாக ஏற்றினோம். குளிக்க வைக்கும்போது விலா எலும்புகள் கையில் தட்டுகின்றன. தானே சீப்பைப் பிடித்து வாரிக்கொள்வாள், இன்று பாதியில் என்னிடம் நீட்டினாள். முடியை எனக்குப் பின்னத் தெரியாது. மூன்று முறை அவிழ்த்துப் பின்னினேன்.

சாதிக்கிடம் போனில் பேசினேன். வாசம் இல்லாத எபாக்ஸி, தண்ணீரில் கரைக்கிற வகை ஒன்று இருக்கிறதாம். சென்னையிலிருந்து வர வேண்டும், இரண்டு வாரம் ஆகும். அதுவரைக்கும் சும்மா இருப்பதற்குப் பதில், உள்ளூர்க் கடையில் கிடைக்கிற சாதாரண எபாக்ஸியை வாங்கி ஒரு மூலையில் மாதிரி போட்டுப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். இந்த ஈரத்துக்கு நிற்கிறதா என்று தெரிந்துவிடும்.

ஜூன் 30, வெள்ளி

மாதிரி போட்டேன். ஷட்டர் ஓரமாக நான்கடிக்கு நான்கடி. இரண்டு டப்பா. ஒன்றில் பிசின், ஒன்றில் இறுக்கும் திரவம். எடை போட்டுத்தான் கலக்க வேண்டும், கண் அளவு ஆகாது. கலந்த பிறகு அரை மணி நேரத்துக்குள் பூசி முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் வாளியிலேயே கல்லாகிவிடும். முதலில் பிரைமர், ஆறு மணி நேரம் கழித்து மேல்பூச்சு. புறாச் சாம்பல் நிறம். ரோலரை ஒரே திசையில் இழுத்தேன். ஓரம் பிசிறில்லாமல் வந்தது. என் கையால் இவ்வளவு நேர்த்தியாக ஒரு வேலை நடந்து வெகுநாளாயிற்று.

வாசம் பலமாகத்தான் இருந்தது. எனக்கே கண் எரிந்தது. வெளியே போகட்டும் என்று ஷட்டரை முழுதாகத் தூக்கிவிட்டேன். ஷெட்டுக்கு நேர் மேலே அவள் படுக்கிற அறை. மழை விட்டிருந்ததால் காலையில் ஜன்னலை நானே திறந்து வைத்திருந்தேன்.

ஐந்து மணிக்கு வசந்தாமணிக்கு மூச்சு வாங்கியது. ஆம்புலன்ஸ். ஆஸ்பத்திரியில் எழுதுகிறேன்.

ஜூலை 2, ஞாயிறு

தீவிர சிகிச்சைப் பிரிவு. பார்க்க விடுவது ஒரு நாளைக்கு இரண்டு முறை, பத்துப் பத்து நிமிடம்.

வேலையிலிருந்த சின்ன டாக்டர் கேட்டார், "வீட்டுல புகை, வாசம், பெயிண்ட் ஏதாச்சும் இருந்துச்சாங்க?"

அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்றேன். மழைக்காலம், கிருமித் தொற்றாக இருக்கலாம் என்று எழுதிக்கொண்டார்.

ஜூலை 4, செவ்வாய்

துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். மாதிரி நன்றாக இறுகிவிட்டது. ஆணியால் கீறினேன். விழவில்லை.

ஜூலை 8, சனி

வீட்டுக்கு வந்துவிட்டோம். ஆம்புலன்ஸ்காரர்கள் இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு இருபத்தோரு படியும் ஏறினார்கள். ஷெட்டைத் தாண்டும்போது அவள் தலையைத் திருப்பி உள்ளே பார்த்தாள். 

ஐந்து லிட்டர் ஆக்சிஜன் இப்போது. டாக்டர், இனிமேல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம், வீட்டிலேயே வைத்து வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

சென்னைச் சரக்கு வருகிற பதினெட்டாம் தேதி வந்துவிடும் என்று சாதிக் தகவல் அனுப்பியிருக்கிறார்.

ஜூலை 12, புதன்

மோகனா பெங்களூரிலிருந்து வந்துவிட்டாள். ஒரு மாதம் லீவு. எங்களுக்கு ஒரே பெண்.

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு அவளை ஷெட்டுக்குக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் காட்டினேன். ஈரம் எங்கே, மாதிரி எங்கே, எபாக்ஸிக்கு மேல் பாலியூரித்தேன் கொடுத்தால் எத்தனை வருடம். பேசிக்கொண்டே போனேன். அவள் அந்தச் சாம்பல் சதுரத்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"இருபது வருஷம் தாங்குமாப்பா?"

"ஆமா. வெயில் பட்டாலும் மஞ்சளாகாது."

"டாக்டர்கிட்ட நான் போன்ல பேசினேன். உங்ககிட்ட ஜூன் மாசமே சொல்லிட்டேன்னாரு."

நான் டேப் சுருளின் நுனியைத் தேடிக்கொண்டிருந்தேன். அது எப்போதும் கிடைக்காது.

"மூணு மாசம்னு சொன்னாராமே. அதுல ஒண்ணரை மாசம் போயிருச்சுப்பா. அம்மா இருபத்தோரு படிக்கு மேல உக்காந்துட்டு மரத்தைப் பாத்துட்டு இருக்காங்க. நீங்க இருபது வருஷத்துக்குத் தரை தேடிட்டு இருக்கீங்க."

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

ஜூலை 14, வெள்ளி

மோகனா காலையில் ஷெட்டின் பரணில் ஏறி, டிரைவிங் ஸ்கூலின் பழைய ஃப்ளெக்ஸ் பேனர்கள் ஐந்தை இறக்கினாள். ஈரத்துணியால் தரையை மூன்று முறை துடைத்தாள். ஃப்ளெக்ஸைக் குப்புறப் போட்டு, வெள்ளைப்பக்கம் மேலே தெரிகிற மாதிரி சுவரிலிருந்து சுவர் வரைக்கும் பரப்பி, ஓரமெல்லாம் பாக்கிங் டேப் ஒட்டினாள். ஓரங்களில் எழுத்து நிழலாகத் தெரிந்தது. காலை பதினொன்றுக்கு ஆரம்பித்தாள். ஒன்றரைக்கு முடிந்தது. நான் டேப்பை வெட்டிக் கொடுத்தேன்.

மூன்று மணிக்கு ஜெசிந்தா வந்தாள், கூட இன்னும் இரண்டு பழைய மாணவிகள். நான்கு பெண்களும் நாற்காலியோடு வசந்தாமணியை இறக்கினார்கள். நான் மெஷினையும் குழாயையும் தூக்கிக்கொண்டு பின்னால் இறங்கினேன். ஒவ்வொரு படிக்கும் அவள், "மெதுவா, செகண்ட்லயே வாங்க, டாப் கியர் போடாதீங்க" என்று சொல்லிக்கொண்டு வந்தாள்.

ஷட்டரை முழுக்கத் தூக்கினோம். கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்த்து உட்கார வைத்தோம். ரோட்டில் பொள்ளாச்சிச் சந்தைக்குப் போகிற தேங்காய் லாரி, மொபெட், பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள். ஒரு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டீ கேட்டாள்.

ஜூலை 15, சனி

சாதிக்குக்குப் போன் செய்து சென்னைச் சரக்கு வேண்டாம் என்றேன். 

ஜூலை 21, வெள்ளி

நாள் ஒழுங்கு இப்படி ஆகிவிட்டது. காலை ஏழரைக்கு ஷட்டர் திறக்கிறேன். ஏழே முக்காலுக்கு ஜெசிந்தாவின் வேன். வேகத்தைக் குறைத்து ஒரு ஹாரன். வேனுக்குள்ளிருந்து குழந்தைகள் கை காட்டுகிறார்கள், இவளும் காட்டுகிறாள். பிறகு படுத்துக்கொள்கிறாள். பத்து மணிக்கு மேல் பழைய மாணவிகள் யாராவது வருகிறார்கள். நேற்று வந்தவர் தாலுகா ஆபீஸில் வேலை பார்க்கிறவர், இருபது வருடத்துக்கு முன்னால் கற்றுக்கொண்டவர். முதல் நாளே ஒரு தள்ளுவண்டிக் கொய்யாப்பழத்தை ரோடெல்லாம் உருட்டியதைச் சொன்னார்.

"அதுல பாதிப் பழம் நான்தான் தின்னேன்" என்றாள் வசந்தாமணி. மூச்சுக்கு நடுவில் நிறுத்தி நிறுத்தித்தான் இந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னாள். எல்லோரும் காத்திருந்து கேட்டார்கள்.

இந்தக் கதையெல்லாம் எனக்குத் தெரியாது. நான் காலை ஆறு மணி பஸ்ஸில் கம்பெனிக்குப் போய் இரவு எட்டு மணிக்கு வருகிறவன்.

ஜூலை 26, புதன்

மோகனா மருந்துக்கடைக்குப் போயிருந்தாள். மழைத்தூறல். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வசந்தாமணியின் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். பாதம் வீங்கியிருக்கிறது.

சொல்லிவிட்டேன். அன்றைக்கு மூச்சு வாங்கியது கிருமியால் அல்ல, நான் கீழே பூசியதால்தான் என்று. டாக்டரிடம் பொய் சொன்னதையும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தாள்.

"தெரியுமுங்க."

"தெரியுமா?"

"இருபத்தாறு வருஷம் பெட்ரோலும் பெயிண்ட்டும் மோந்தவ. அந்த வாசம் எனக்குத் தெரியாதுங்களா."

"டாக்டர்கிட்ட ஏன் சொல்லலை?"

மூச்சு இழுத்துக்கொண்டாள். "சொல்லியிருந்தா அன்னைக்கே ரோலரைத் தூக்கிப் போட்டுருப்பீங்க. அப்புறம் மேல வந்து என் பக்கத்துலயே உக்காந்துட்டு என்னைப் பாத்துட்டே இருப்பீங்க. உங்க மூஞ்சியைப் பாக்க எனக்குத் தெம்பில்லை."

நான் தைலத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். தைலம் எப்போதோ தீர்ந்துவிட்டிருந்தது.

"கோவம் இருக்குதா?"

"இருக்குதுங்க. இல்லேன்னு எதுக்குச் சொல்லோணும். ஒண்ணரை மாசம் கூப்பிட்டுட்டே இருந்தேன், நீங்க வரவே இல்லை." கண்ணை மூடித் திறந்தாள். "கோவப்பட மூச்சு வேணுமுங்க. எங்கிட்ட இருக்கற மூச்சுக்கு ரோட்டைப் பாக்கத்தான் பத்தும். காலை விடுங்க, போர்வையைப் போட்டு விடுங்க."

போர்த்தினேன். மோகனா வரும்வரைக்கும் இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு பெண் ஸ்கூட்டரில் குடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் கையால் ஓட்டிப்போனாள். வசந்தாமணி நாக்கைத் தட்டினாள்.

ஜூலை 31, திங்கள்

எட்டு லிட்டர். சாப்பாடு கஞ்சி மட்டும், மூன்று ஸ்பூன்.

ஆகஸ்ட் 3, வியாழன்

ஷட்டரைத் திறக்க வேண்டாம், வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்றாள். ஏழே முக்காலுக்கு ஹாரன் கேட்டதும் விரலை உயர்த்தினாள். பாதி திறந்தேன். குழந்தைகளின் கை தெரியவில்லை, வேனின் சக்கரம் மட்டும் தெரிந்தது. "டயர்ல காத்துக் கம்மி. சொல்லுங்க அவகிட்ட" என்றாள்.

போனில் சொன்னேன். பின்பக்க டயர், ஆறு பாயின்ட் குறைவாக இருந்ததாம்.

ஆகஸ்ட் 7, திங்கள்

காலை ஏழு ஐம்பத்தைந்து. வேன் போய்ப் பத்து நிமிடத்தில். மோகனா தலைமாட்டில், நான் கால்மாட்டில்.

ஆகஸ்ட் 24, வியாழன்

காரியமெல்லாம் முடிந்துவிட்டது. லீவை நீட்டிக்கொண்டு இருந்த மோகனா நேற்றுப் புறப்பட்டாள். பெங்களூருக்கு வந்துவிடுங்கள் என்றாள், பார்க்கலாம் என்றேன்.

இன்று ஷெட்டில் கட்டிலைப் பிரித்து, ஃப்ளெக்ஸைச் சுருட்டினேன். அடியில் நன்றாக ஈரம் கட்டியிருக்கிறது. இரண்டு இடத்தில் கரும்பூஞ்சை. விரிப்பு போட்டால் இப்படித்தான் ஆகும் என்று ஜூன் மாதமே சொன்னேன். நான் சொன்னது சரிதான்.

ஈரத்தின் நடுவில் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன்.

செப்டம்பர் 4, திங்கள்

ஜெசிந்தா வந்தாள். வேன் வேலையை விட்டுவிட்டு, சொந்தமாக ஒரு பழைய காரை வாங்கி, பெண்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கலாம் என்று இருக்கிறாளாம். மேடம் இருந்தபோதே பேசி வைத்ததாம். ஷெட்டை வாடகைக்குத் தருவீர்களா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"எடுத்துக்கோ. ஆனா தரை தூசி கெளம்பும். அதுக்கு ஒரு வழி பண்ணிட்டுத் தர்றேன்."

"அப்படியே இருக்கட்டும் சார், நான் பாத்துக்கறேன்" என்றாள் அவசரமாக.

"இல்லை" என்றேன்.

செப்டம்பர் 11, திங்கள்

சாதிக் இரண்டு ஆட்களோடு வந்தார். எது என்று கேட்டார். சிலிகேட் என்றேன். 

ஒன்பது மணிக்கு ஆரம்பித்தார்கள். ஷட்டர் ஓரம் இருந்த என் சாம்பல் சதுரம் நன்றாகப் பிடித்திருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டுமே என்றார் சாதிக். எடுத்துவிடச் சொன்னேன். அதைத் தேய்த்து எடுக்கத்தான் நேரமாயிற்று, மெஷின் பிளேடு இரண்டு முறை மாற்றினார்கள். மற்றத் தரைக்கு ஒன்றரை மணி நேரம். கழுவினார்கள், தண்ணீர் மாதிரியான அந்தத் திரவத்தை ஊற்றி நீள விளக்குமாற்றால் பரப்பினார்கள், தரை குடித்துக்கொண்டே இருந்தது, மீண்டும் ஊற்றினார்கள், மிச்சத்தைத் தள்ளிவிட்டார்கள். குனிந்து மோந்து பார்த்தேன். ஈரச் சிமென்ட் வாசம். வேறு ஒன்றும் இல்லை.

பன்னிரண்டேகாலுக்குச் சாமான்களை ஏற்றிக்கொண்டார்கள். நாலு மணிக்கு மேல் என்ன வேண்டுமானாலும் போடலாம் சார் என்றார் சாதிக். என் கையை ஒரு தடவை பிடித்துவிட்டு வண்டியில் ஏறினார்.

ஐந்து மணிக்கு வெறுங்காலோடு உள்ளே போனேன். கறைகள் அப்படியே இருக்கின்றன. உள்ளங்கையால் தரையை அழுத்தித் தேய்த்தேன். கையில் ஒன்றும் ஒட்டவில்லை.

ஆறு மணிக்கு மோகனா கூப்பிட்டாள். தரை வேலை முடிந்ததா என்று கேட்டாள்.

"முடிஞ்சுது. மூணேகால் மணி நேரம். நான் போட்ட மாதிரிச் சதுரத்தை எடுக்க வேண்டியதில்லாம இருந்திருந்தா, ஒண்ணரை மணி நேரந்தான் ஆகியிருக்கும் மோகனா."

 லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். போகவில்லை.

"ஜூன் ஒன்பதாம் தேதி சாதிக் சொன்னாரு. அன்னைக்கே போட்டிருந்தா பத்தாம் தேதி எறக்கியிருக்கலாம்" என்றேன்.

"அப்பா."

"சொல்லு."

"சாப்பிட்டீங்களா?"

காலையில் வைத்த சாதம் குக்கரில் திறக்காமல் இருந்தது.

"சாப்பிட்டேன்" என்றேன்.